இடுப்பளவுத் தண்ணீர்

இறால் உரிக்க உட்கார்ந்துவிட்டால் அண்ணி நடுவில் எழுந்து கை கழுவ மாட்டார். போன் அடித்தால் முழங்கையால் தள்ளி வைப்பார். மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்வார். கூடை காலியாகும்வரை அப்படித்தான். ஒரே ஒரு படம் டிவியில் ஓடும்போது மட்டும், படகுக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே வந்து உட்காருவார். காட்சி முடிந்ததும் மறுபடி இறாலுக்குப் போய்விடுவார்.

அந்தப் படம் எடுக்க சினிமாக்காரர்கள் எங்கள் ஏரிக்கரைக்கு வந்தபோது எனக்கு நன்றாக மீசை முளைத்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அண்ணனோடு படகில் போய்க்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. படத்தில் கதாநாயகி கதாநாயகனைக் காதலிக்க மாட்டேன் என்பாள். அவன் அவளைப் படகில் ஏற்றி ஏரி நடுவுக்குக் கொண்டு போய், “காதலிக்கிறேன்னு சொல்ற வரைக்கும் கரைக்குத் திரும்ப மாட்டேன்” என்பான். அவள் நீச்சல் தெரியாது, முழுகிப் போய்விடுவேன் என்று அழுவாள். முகம் தெரிகிற பகுதியை எல்லாம் கரையோரம் படகைக் கட்டிவைத்தே எடுத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து எடுக்கும்போது படகு நிஜமாகவே போக வேண்டும். கதாநாயகனுக்குப் படகில் நிற்கவே வரவில்லை. அதனால் அவருடைய சிவப்புச் சட்டையை அண்ணனுக்கு மாட்டி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக் கோல் ஊன்றிப் படகைத் தள்ளச் சொன்னார்கள்.

கதாநாயகிக்குப் பதிலாக உட்கார ஒரு பெண்ணை அவர்களே அழைத்து வந்திருந்தார்கள். படகு ஒருமுறை ஆடியதும் அந்தப் பெண் இறங்கி ஓடிவிட்டாள். யாராவது ஒரு பொம்பளை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு அலைந்தார்கள். எங்கள் பெண்கள் தினமும் ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள்தான். ஆனால் கேமரா முன்னால் உட்காருவது வேறு. ஊரில் தெரிந்தால் ஊர்க்கூட்டம் போட்டு நடுவில் நிற்க வைத்துவிடுவார்கள். ஊரைவிடப் பெரிய பயம் என் அம்மா. அந்த நேரத்தில்தான் அண்ணி அண்ணனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சவுக்குத் தோப்புக்குள் போன அண்ணி, கதாநாயகியின் மஞ்சள் புடவையில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். படகில் உட்கார்ந்திருந்தது யார் என்று எங்கள் பக்கத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

படகைத் திருப்ப வேண்டிய இடத்தில், கேமராவில் படாதபடி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் தண்ணீரில் நின்றிருந்தேன். எங்கள் ஏரி பெரிதே தவிர ஆழம் கிடையாது. எனக்கு இடுப்பளவுதான் இருந்தது. கரையிலிருந்து டைரக்டர், “முழுகிடுவோம்னு பயப்படும்மா, அழு, அழு” என்று மைக்கில் கத்தினார். அண்ணன் திரும்பாமலே மெல்லிய குரலில், “பயப்படுடி. அதோ தம்பியப் பாரு, பாதி முழுகிட்டான். பாவம், இன்னும் கல்யாணங்கூட ஆவல” என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. கேமராவுக்குத் தெரிந்துவிடும் என்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அடக்க அடக்கத் தோள் இரண்டும் குலுங்கின. டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். பிரமாதம், பிரமாதம் என்று கரையில் கை தட்டினார்.

பொன்னேரியில் படம் வந்தபோது குடும்பத்தோடு போனோம். திரையில் சிவப்புச் சட்டை முதுகு வந்ததும் அம்மா எழுந்து நின்று, “எம் புள்ள, எம் புள்ள” என்று பக்கத்துச் சீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். பிறகு உட்கார்ந்து அண்ணியின் தொடையைத் தட்டி, “அந்தப் பொண்ணு இன்னாமா அழுவுது பாரு. நீயும் இருக்கியே, எதுக்கெடுத்தாலும் பல்லக் காட்டிகினு” என்றார். அண்ணி புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

அண்ணன் மகள் தவழ ஆரம்பித்திருந்த சமயத்தில், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அண்ணன் போய்விட்டார். மறுநாள் கிடைத்தார். அன்றைக்கு எல்லோரும் அழுதார்கள். நான் படகை இழுத்துக் கரையேற்றினேன், கிழிந்த வலையை எடுத்து உதறிக் காயப் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. துக்கம் பிறகு வரும் என்று நினைத்தேன். வந்ததாகச் சொல்ல முடியவில்லை. கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஊறி, முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதன் பிறகு அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படம் ஓட வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு தடவையாவது டிவியில் போடுவார்கள். நானும் அண்ணியும் பக்கத்துப் பக்கத்து வீடு. என் வீட்டிலும் டிவி உண்டு. ஆனாலும் அந்தப் படம் என்றால் தெருவே அண்ணி வீட்டில்தான் கூடும். படம் பழசாகிக்கொண்டே வந்தது. பச்சையும் நீலமும் மங்கி எல்லாமே செங்கல் நிறமாகிவிட்டது. கதாநாயகன் சட்டைக் காலர் தோள் வரைக்கும் இருக்கும். ஏரியில் கிளம்பிய படகுக்கு அடுத்த நொடியே பின்னால் கடல் அலை அடிக்கும். ஓங்கி ஓர் அறை விட்டதும் கதாநாயகிக்குக் காதல் வந்துவிடும். நாங்கள் முதலில் பார்த்தபோது அந்த அறைக்குத் தியேட்டரே விசிலடித்தது. பிறகு விசில் நின்றது. வயசுப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பெண் பிள்ளைகள் அந்த இடத்தில் எழுந்து போனார்கள். அண்ணி வயதுப் பெண்களுக்கு மட்டும் கடைசிப் பாட்டில் இன்னும் கண் கலங்கும். அந்தக் காலத்தில் காதல் என்றால் உயிரைக் கொடுப்பார்கள் என்று பெரியவர்களும், அது உயிரை வாங்குவது என்று சின்னவர்களும் வாதம் செய்வார்கள். நான் வாயைத் திறந்ததில்லை. கூட்டத்தில் பேசுவது எனக்கு வராது. படகுக் காட்சியில் மட்டும் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள். அவள் முழுகிவிடுவேன் என்று அழும்போது பக்கத்து வீட்டு மாமா, “இடுப்பளவுத் தண்ணிதாம்மா, எறங்கி நடந்து போ” என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். ஒவ்வொரு தடவையும் கத்துவார். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பார். அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பும் நின்றது. அண்ணன் மகள் அப்போது பொன்னேரியில் ஒரு ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறும் பாதி நாள் வேலை உண்டு. நாங்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தாள். சின்ன வயதில் அந்த முதுகைக் காட்டி, எங்க நைனா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னவள். அண்ணி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினான்.

“யம்மா, அத நிறுத்து” என்றாள்.

“இருடி, நைனா வரப் போறாரு.”

“வேணாம், நிறுத்து.”

மாமா அவளைப் பார்த்து, “படத்தப் படமாப் பாரு பாப்பா. இடுப்பளவுத் தண்ணி, அவ எறங்கி நடந்து போனா கத முடிஞ்சிது” என்றார். வழக்கம்போல இரண்டு பேர் சிரித்தார்கள்.

“எறங்கி நடந்தா பின்னாலயே வர மாட்டானா மாமா?” என்றாள். “என் பின்னால ஒருத்தன் வரான். பஸ்ஸுல ஏறனா ஏறுறான், எறங்கனா எறங்கறான். சரின்னு சொல்ற வரைக்கும் வருவேன்னு சொல்றான். இதேதான் சொல்றான். இதுல நைனா முதுகு தெரிஞ்சா மட்டும் இது நல்லதாயிடுமா?”

அண்ணி எழுந்து ரிமோட்டைத் தேடினார். அது கைக்குக் கிடைக்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சிவப்புச் சட்டை வந்திருக்கும். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அண்ணி மகளிடம், “எத்தினி நாளா?” என்று கேட்டார். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாளிலிருந்து அண்ணியும் அதே பஸ்ஸில் போனார். மீன் கூடையைத் தனக்கும் மகளுக்கும் முன்னால் வைத்துக்கொள்வார். அந்தப் பையன் முதல் சில நாள் பின்னால் நின்றுகொண்டு வந்திருக்கிறான். ஒரு நாள் கூட்டத்துக்கு நடுவில் அண்ணி குரலை உயர்த்தி, “இன்னாப்பா, தினிக்கும் எங்க கூடவே வர்ரியே, எந்த ஊரு நீ? உங்கம்மா பேரு இன்னா? எந்தத் தெரு? நாளைக்கு நாங்க உங்க வூட்டுக்கு வரோம், உங்கம்மாவ மீன் கொழம்பு வெக்கச் சொல்லு, மீன் நான் எடுத்தாறேன்” என்றாராம். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கிறது. கண்டக்டர் விசில் ஊதியிருக்கிறார். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனவன்தான். பிறகும் ரொம்ப நாள் அண்ணி கூடப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

அதற்குள் அந்தப் படம் இன்னொரு முறை வந்தது. அண்ணி சேனலை மாற்றிவிட்டார். மகள் அப்போது வீட்டில்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “அவளாண்ட சொல்லிட்டா இன்னா அண்ணி? அது நீங்கதான், அங்க அழுவலன்னு தெரிஞ்சா அவளும் படத்தப் பாக்க மாட்டாளா?” என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே அபூர்வம்.

அண்ணி இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். “அவ பயந்துகினு வந்து நிக்கறா தம்பி. அவளாண்ட போயி நான் சிரிச்சேன்னு சொல்லச் சொல்றியா?” என்றார்.

வருடங்கள் போயின. அண்ணன் மகள் கல்யாணமாகி மீஞ்சூருக்குப் போனாள். மாப்பிள்ளை நல்ல பையன். மாமா இறந்துபோனார். தெருவில் இப்போது ஆளுக்கொரு போன் இருக்கிறது, யாரும் யார் வீட்டுக்கும் டிவி பார்க்கப் போவதில்லை. அண்ணனுடைய முதுகு எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சட்டைதான் ஞாபகம் வந்தது.

போன மாதம் ஒரு மதியம் சேனலைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்து, “அண்ணி, படகு வருது” என்றேன். அவர் எழுந்து வந்து என் வீட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சோக வயலின் வாசித்தார்கள். சிவப்புச் சட்டை கோலை ஊன்றி எடுத்தது, மறுபடி ஊன்றியது. மஞ்சள் புடவை முகத்தை மூடிக்கொண்டு குனிந்தது. தோள்கள் குலுங்கின. அதன் மேல் வேறு யாரோ ஒரு பெண் விசும்பும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். அது எப்போதும் இருந்ததுதான். நான்தான் அதுவரை கவனித்ததில்லை.

அண்ணி கண்ணை எடுக்காமல் பார்த்தார். காட்சி முடிந்து விளம்பரம் வந்தது.

“அழுவுற மாதிரிதான இருக்குது தம்பி?” என்றார்.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. “இல்ல அண்ணி, சிரிச்சீங்க. நான் பக்கத்துலதான நின்னேன்” என்றேன்.

“நெஜமா? எனக்கு இப்ப ஒண்ணும் வெளங்கல. அவளுக்காக நிறுத்தனன், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இப்ப பாத்தா அழுதனோன்னு இருக்குது. நான் சிரிச்சத நீ கேட்டியா? நல்லா யோசிச்சு சொல்லு.”

யோசித்தேன். காலுக்கடியில் சேறு குளிர்ந்தது ஞாபகம் வந்தது. கையில் கயிறு அறுத்தது ஞாபகம் வந்தது. அண்ணன் சொன்ன வார்த்தைகள்கூட வரிசையாக வந்தன. சிரிப்புச் சத்தம் மட்டும் வரவில்லை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டேன் அண்ணி” என்றேன்.