பாதி மழையில் எழுந்து வந்தவள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'ஆகாசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கார்ட்டூன் படத்தில் ஆட்கள் ஓடவும் விழவும் பின்னால் ஓர் இடம் வேண்டுமே! தெரு, சமையலறை, மொட்டைமாடி, வானம் எல்லாம் அவள் கைவண்ணம். படிப்பு முடித்த கையோடு சேர்ந்தவள். தூரிகையும் தண்ணீர்க் கிண்ணமுமாக ஆரம்பித்து, கம்ப்யூட்டர் பேனாவுக்கு மாறி, தலை பாதி நரைத்த பிறகும் அதே ஜன்னலோர நாற்காலி.

அன்று ஒரு மழைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசிக்கிற நேரம். சாம்பலில் எவ்வளவு ஊதா கலப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டுவதென்றால் அங்கேதான் வெட்டுவார்கள். சிரித்த முகமாகவே எழுந்து போனாள்.

உள்ளே மேலாளரும், அவள் இதுவரை பார்த்திராத ஒரு பெண்ணும். மேலாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் பேசினாள்.

"உங்க வேலைல எந்தக் குறையும் இல்ல மேடம். கம்பெனி அந்தப் பிரிவையே மூடுது. இன்னியோட."

"எந்தப் பிரிவை?"

"உங்க பிரிவைத்தான்."

காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. "கையில இருக்கிற மழைய முடிச்சுக் குடுத்துட்டுப் போறேனே. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்," என்றாள்.

மேலாளர் அப்போதுதான் நிமிர்ந்தார். "வேணாம்மா. அதை வெளியில குடுத்துப் பாத்துக்குவாங்க."

இடத்துக்குத் திரும்பினால் கம்ப்யூட்டர் அவளை உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரன், பொம்மைகளுக்கு நடை பழக்குகிறவன், எதற்கெடுத்தாலும் பொரிவதால் 'கடுகு' என்று பேர் வாங்கியவன், அன்று வாயே திறக்காமல் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

அவள் கணவர் வீட்டுக்குக் கீழேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நடுப்பகலில் பெட்டியும் கையுமாக வந்தவளைப் பார்த்து, "என்னம்மா, ஆபீஸ் எடம் மாத்துறாங்களா?" என்றார்.

"என்னைத் தூக்கிட்டாங்கங்க."

அவர் கையிலிருந்த கண்ணாடியை மெல்லக் கீழே வைத்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சேதி கேட்டு அக்கா போனில் கத்தினாள். "நாசமாப் போறவனுங்க! நீ ஏண்டி ஒரு வார்த்தை கேக்காம வந்த?"

"கேட்டேன்க்கா. மழைய முடிக்கட்டுமான்னு கேட்டேன்."



அவளுக்கு அழுகை வரவில்லை. படுத்ததும் தூக்கம்கூட வந்தது. சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை வழக்கம்போலக் குளித்தாள், பஸ் பிடித்தாள், இறங்கினாள். வாசல் காவலாளி, "வாங்கம்மா," என்று கதவைத் திறந்துவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு காலை உள்ளே வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டீங்களா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு ஓடினாள்.

அங்கே ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து தன் ஜன்னலைப் பார்த்தாள். எத்தனை தெரு, எத்தனை வீடு! ஒன்றையாவது யாராவது நின்று பார்த்திருப்பார்களா? பார்க்கக்கூடாது என்பதுதான் தொழிலே. பின்னணி கண்ணை இழுத்தால் அது தப்பு. படம் முடிந்து அவள் பெயர் ஓடும்போது பிள்ளைகள் டிவியை அணைத்திருப்பார்கள். அது ஒருநாளும் அவளை உறுத்தியதில்லை. அன்று உறுத்தியது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அறிமுகமில்லாத குரல்.

"மேடம், அந்த மழை சீன் இப்ப எங்ககிட்ட வந்திருக்கு. ஊதாவ எங்க வெச்சீங்கன்னு தெரியல..."

"மேகத்துக்கு அடியில ஒரு அடுக்கு இருக்கு, பாருங்க. முழுசாத் தெறந்துடாதீங்க, லேசா. ஆங், ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விடுங்க."

"சூப்பர் மேடம்! ரொம்ப தேங்க்ஸ்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு பஸ் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் வாயைப் பிளந்தார். "வேலைய விட்டுத் தூக்கினவனுக்கு நடுரோட்டுல உக்காந்து வேலை பாத்துக் குடுத்திருக்கியா!" அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்கும் தெரியவில்லை. குட்டி ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடியே அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

இப்போது அடுக்குமாடி விளம்பரங்களுக்கு வரைகிறாள். இன்னும் கட்டாத கட்டடங்களுக்குப் பின்னால் மேகமே இல்லாத நீலம் கேட்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே போட்டுத் தருகிறாள். அக்கா கேட்டால், "பழகிடுச்சு," என்கிறாள். பழகவில்லை. சில காலைகளில் கண் விழித்ததும், இன்று சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று போர்வையை விலக்குகிறாள். கால் தரையில் பட்ட பிறகுதான் நினைவு வருகிறது.