மூன்றாம் நம்பர் கீபோர்டு

அந்தக் கீபோர்டில் கை வைத்தால் விரல் ஒட்டும். எடுக்கும்போது பிசினிலிருந்து பிரிவதுபோல மெல்லிய சத்தம் ஒன்று வரும். முறுக்கு எண்ணெயும், கலர் சோடாவும், வியர்வையும், மூக்கைத் துடைத்த கைகளின் ஈரமும் சேர்ந்து பொத்தான்களுக்கு நடுவில் இருந்த பள்ளங்களில் கறுப்பாக இறுகிப் போயிருந்தன. நான் தினமும் ஒரு பழைய கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து கொண்டுபோய், என் பக்கத்துப் பொத்தான்களை மட்டும் துடைத்து, அந்தக் கைக்குட்டையைத் தனியாக ஒரு பாலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்ட பிறகுதான் உட்காருவேன். "டாக்டர் வந்துட்டாருபா, ஆபரேஷன் ஆரம்பிக்கப்போறாரு" என்று மற்ற பையன்கள் சிரிப்பார்கள். அந்தக் கறுப்பைவிட அசுத்தமான ஒன்றை அதே மேசையில் நான் செய்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவுக்கு உரிய பக்கங்களை எடுத்துப் பார்த்தால் வெயில், மின்வெட்டு, சைக்கிள் பஞ்சர், மதியம் என்ன குழம்பு என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. இது மட்டும் இல்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் அந்தப் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, சாத்தியே கிடக்கும் ஜன்னல். நடத்தியவர் மோகன் அண்ணன். வாயில் எப்போதும் வெற்றிலை, எச்சிலைத் துப்புவதற்கு மேசைக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில், அது பாதிக்குமேல் நிறைந்திருக்கும். "மெதுவா அடிங்கடா, இன்னா உங்க அப்பன் ஊட்டு சொத்தா?" என்பது அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே அறிவுரை. லீவு நாட்களில் அங்கே மெயில் பார்க்க வந்தவர்களைவிடக் "கார் கேம்" ஆட வந்த பையன்களே அதிகம்.

கார் பந்தயம் என்றால் வேகமாக ஓட்டுகிறவன் ஜெயிப்பான் என்று நினைப்பீர்கள். அந்த விளையாட்டில் அப்படிக் கிடையாது. பாதையின் நடுவே சுழன்றுகொண்டிருக்கும் பெட்டிகளின்மேல் காரை விட்டால் ஏதாவது ஓர் ஆயுதம் கிடைக்கும். முன்னால் போகிறவனைத் தேடிப்போய் வெடிப்பது "ராக்கெட்", பின்னால் வருகிறவனை வழுக்கிவிடுவது "எண்ணெய்", டயரைக் கிழிப்பது "ஆணி", நம்மேல் விழும் அடியைத் தடுக்கும் நீல வட்டத்துக்குக் கூடையைக் கவிழ்த்துக் கோழியை மூடுவதை வைத்து நாங்கள் இட்ட பெயர் "கூடை". முதலில் ஓடுகிறவனுக்குப் பெட்டியில் பெரும்பாலும் எண்ணெய்தான் வரும். பின்தங்கியவனுக்குத்தான் ராக்கெட் வரும். ஆகவே கெட்டிக்காரப் பையன்கள் கடைசிச் சுற்று வரை வேண்டுமென்றே இரண்டாவதாக ஊர்ந்து வந்து, எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முதல் காரை வெடிக்க வைத்து, எரிகிற அந்தக் காரைத் தாண்டிப் போய் ஜெயிப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒருவன் "ஹி ஹி ஹி" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஐந்து கம்ப்யூட்டரிலிருந்தும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். எங்களில் ஒருவருக்குக்கூட அது அருவருப்பாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இரண்டு பேர் ஆடினால் திரை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரியும், கீபோர்டு ஒன்றுதான். நாங்கள் எப்போதும் உட்காருவது மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில்; வலது பக்க அம்புக்குறிகள் எனக்கு, இடது பக்க எழுத்துகள் நசீருக்கு.

நசீர் என் வகுப்புத் தோழன். அவன் அப்பாவுக்குக் கடைத்தெருவில் தையல் கடை; பட்டுப் புடவைக்கு ரவிக்கை தைப்பதில் பெயர் பெற்ற கடை. பரீட்சைக்கு முன்பு சைக்கிளிலிருந்து விழுந்து நசீரின் இடது மணிக்கட்டு முறிந்தது. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தில் எலும்பு கட்டுகிற வைத்தியர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். லீவு தொடங்கியபோது கட்டை அவிழ்த்தாகிவிட்டது. மெல்லிய துணி மட்டும் சுற்றியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, விரலைச் சும்மா வைத்திருக்காமல் வேலை கொடுக்க வேண்டும், சுண்டு விரல்தான் கடைசியாகத் தேறும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த விளையாட்டில் நசீர் ராக்கெட் விடுவதற்கு உரிய பொத்தான் இடது ஓரத்தில், சரியாகச் சுண்டு விரலுக்கு அடியில் இருந்தது. இதைச் சொல்லித்தான் அவன் தன் அம்மாவிடம் தினம் ஒரு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கினான். அவர் கண்டிப்பானவர்; ஆனால் என்னையும் மகனே என்கிற பொருளில் "பேட்டா" என்றுதான் கூப்பிடுவார். என்னோடு போனால் மட்டும் அனுமதி, வேறு எவனோடும் உட்காரக்கூடாது. "தேவா, நீதான் பேட்டா பொறுப்பு. அந்த விரலு எத்தினி தபா வேலை செய்யுது, எத்தினி தபா செய்யலன்னு எழுதிக்கினு வந்து எனக்குக் காட்டணும். இவன் வாயால சொல்றத நான் நம்பமாட்டேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, தேதி, அழுத்தியது, வெடித்தது என்று மூன்று பத்தி பிரித்தேன். முதல் நான்கு நாட்கள் அழுத்தியதும் வெடித்ததும் ஒரே எண்தான். நசீரின் விரல் நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. நான்கு நாளும் நான் தோற்றேன்.

தோற்பதைத் தாங்கியிருப்பேன். நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை. "ஒத்தக் கையி முறிஞ்சவன்கிட்ட அடி வாங்கிக்கினு இருக்கான் பாருடா டாக்டரு!" "இன்னொரு கையும் முறிச்சுவுட்டாத்தான் டாக்டர் ஜெயிப்பாரு போலக்குது!" நசீரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். வன்மம் இல்லாத சிரிப்பு, இப்போது தெரிகிறது.

ஐந்தாம் நாள் தற்செயலாக என் கட்டை விரல் வலது ஓரத்திலிருந்த பூஜ்யத்தின்மேல் கிடந்தது. விளையாட்டில் அந்தப் பொத்தானுக்கு எந்த வேலையும் இல்லை. மேல் அம்பு, வலது அம்பு, பூஜ்யம் மூன்றையும் நான் சேர்த்து அழுத்தியிருந்த நேரத்தில் நசீர் ராக்கெட் பொத்தானை அழுத்தினான். ராக்கெட் கிளம்பவில்லை. அந்தக் காலத்து மலிவான கீபோர்டுகளில் சில பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தால் வேறு சில பொத்தான்கள் செத்துவிடும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், கட்டை விரலை எடுத்தால் அவன் ராக்கெட் கிளம்புகிறது, வைத்தால் கிளம்பவில்லை என்பது. நான் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவன் இல்லை. இரண்டு நாள் சோதித்து உறுதி செய்துகொண்டேன். அதற்குப் பிறகு அவன் என்னை முந்தப்போகிற சமயங்களில் மட்டும் கட்டை விரலை வைத்தேன். ஜெயித்தேன்.

நசீர் தன் விரலையே பார்க்க ஆரம்பித்தான். பொத்தானை ஓங்கிக் குத்தினான். மோகன் அண்ணனைக் கூப்பிட்டான். அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விளையாட்டை மூடி, அந்த எழுத்தை மட்டும் ஒரு வரி முழுக்க அடித்துக் காட்டினார். "நல்லாத்தானடா வுழுது? கீபோர்டு மேல பழி போடாத. உன் விரல்லதான் கோளாறு." நசீர் தலையாட்டினான். நானும் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து நோட்டில் எண்கள் இறங்கின. அழுத்தியது இருபது, வெடித்தது பதினொன்று. அழுத்தியது இருபத்திரண்டு, வெடித்தது எட்டு. அழுத்தியது இருபது, வெடித்தது ஆறு. ஒரு எண்கூடப் பொய் கிடையாது. நான் எண்ணி, கோட்டுக்குள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய உண்மையான எண்கள் அவை. என்னை நானே வெறுப்பது இந்த இடத்தில்தான்: கள்ள ஆட்டம் ஆடிய பையன், கணக்கில் மட்டும் சுத்தமாக இருந்தான்.

நசீரின் அம்மா ஒவ்வொரு மாலையும் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஆறுக்கு வந்துடுச்சே பேட்டா, ஏறாம எறங்கிக்கினே போவுதே." மறுநாள் வைத்தியரிடம் போவதென்று முடிவானது. கல்யாண சீசன், நசீரின் அப்பா கடையை விட்டு வர முடியாது. துணைக்கு என்னை அழைத்தார். வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் நசீர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வழி முழுக்கச் சுண்டு விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தான். அது மடங்கியது. "மடங்குதுல்ல?" என்று என்னிடம் கேட்டான். "மடங்குது" என்றேன். "அப்பறம் ஏன்டா அமுக்கினா வேலை செய்யல?" நான் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஏரியைப் பார்த்தேன்.

வைத்தியர் விரலைத் தடவிப் பார்த்தார், நீவிப் பார்த்தார், மடக்கச் சொன்னார். "நல்லாத்தாம்மா இருக்குது. எதுக்கு இம்மாந்தூரம் வந்தே?"

"இல்லபா, இந்தப் புள்ள தெனமும் பாத்து எழுதிக்கினு வருது. நீயே பாரு."

வைத்தியர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இருபதுக்கு ஆறா? நீயே கண்ணால பாத்து எழுதினியா தம்பி?"

ஒரு வாக்கியம் போதும். கட்டை விரலைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். நான் "ஆமாம்" என்றேன். அதுவும் உண்மைதான்.

"உள்ள நரம்பு சிக்கிக்கினு இருக்கும். இழுத்து வுட்டுடுறேன்" என்றார். எண்ணெய் காய்ந்தது. நசீரைப் பலகையில் உட்கார வைத்து, அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், என்னை. பிடித்தேன். அவர் இழுத்தபோது காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. நசீர் கத்தவில்லை, அவன் தோள் என் கைக்குள் ஒரு முறை தூக்கிப்போட்டது, பிறகு என் சட்டையின் மேலேயே வாந்தி எடுத்தான். "சரியாப் பூடும் பேட்டா, சரியாப் பூடும்" என்று அவன் அம்மா என் சட்டையைத் தன் முந்தானையால் துடைத்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

விரல் வீங்கி, மறுபடி கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்து அவன் சென்டருக்கு வந்தபோது லீவு முடிய மூன்றே நாள் இருந்தது. நான் கட்டை விரலை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டேன். அழுத்தியது இருபது, வெடித்தது இருபது. விரலின் நடு மூட்டு மட்டும் மடங்கவில்லை. முழு விரலையும் கட்டைபோல நீட்டி வைத்து அழுத்தினான். முதல் முறிவின் மிச்சம் அது, இந்த மட்டுக்கும் வந்ததே பெரிது என்று அவன் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவன் அம்மா ரவையும் நெய்யும் போட்டுத் தம்ரூட் என்ற இனிப்பைச் செய்து, "உன் நோட்டு இல்லன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுடா" என்று தட்டை என் முன்னால் வைத்தார். இரண்டு துண்டு தின்றேன்.

இப்போது அந்த மாடியில் மொபைல் உறை விற்கிறார்கள். மோகன் அண்ணனும் அவர் பாட்டிலும் எங்கே போனார்கள் என்று தெரியாது. பிசுக்குப் பிடித்த அந்தக் கீபோர்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. போனதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. விளையாட்டு மட்டும் சாகவில்லை. என் மகள் கைபேசியில் அதே மாதிரிப் பெட்டிகளின்மேல் கார் ஓட்டுகிறாள், அதே மாதிரி யாரோ ஒருவன் சிரிக்கிறான், நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

நசீர் அப்பாவின் கடையை நடத்துகிறான். துணியை வெட்டும்போதும் டீ கிளாஸைப் பிடிக்கும்போதும் இடது சுண்டு விரல் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். போன மாதம் அளவு கொடுக்கப் போன என் மகளிடம் அவன் அந்த விரலைக் காட்டி, "உங்க அப்பா எழுதின நோட்டாலதாம்மா இது பொழச்சுது" என்று சொல்லியிருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். மறுநாள் மதியம், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எந்தெந்தப் பொத்தான், எத்தனை நாள், எதற்காக. நசீர் அளவுச் சாக்குக்கட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொல்றியா?"

"இல்ல."

"வைத்தியர் உன்ன கேட்டாரே."

"கேட்டாரு."

"ஆமான்னு சொன்னியே தேவா."

"சொன்னேன்."

அவன் விரலைப் பார்க்கவில்லை. மேசைமேல் விரித்திருந்த துணியின் ஓரத்தைச் சரிசெய்தான். "எங்கம்மா மௌத்தாகுற வரைக்கும், துவா கேக்கச்சொல்ல எங்க பேரெல்லாம் சொல்லி முடிச்சுட்டு, கடைசியா உன் பேரையும் சொல்லும்" என்றான். குரலில் கோபம் இல்லை. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் எனக்காகவும் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். நசீர் கத்தரிக்கோலை எடுத்து, கோடு போட்ட இடத்தில் வெட்டத் தொடங்கினான்.

"உன் பொண்ணு சட்டை வியாழக்கிழம ரெடியாயிடும்" என்றான் தலை நிமிராமல். "அவளையே வந்து வாங்கிக்கச் சொல்லு."

வியாழக்கிழமை மகளைத்தான் அனுப்பினேன்.