குரு திரும்பிப் பார்க்கக் கூடாது

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் கடப்பாக்கத்துக்குக் கேபிள் வந்த புதிதில் ஒரு பேய்த் தொடர் ஓடியது. அதில் ஒரு குரு வருவார். வெள்ளைத் தாடி, தரை வரைக்கும் காவி அங்கி. பேய்களை அடக்க ஒரு பெண்ணுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பார். டீவி பக்கமே வராத என் வீட்டுக்காரர்கூட அவர் பேசும்போது வலை தைப்பதை நிறுத்திவிடுவார்.

அந்தத் தொடரையே படம் பிடிக்க ஒரு நாள் எங்கள் ஊர்க் கடலோரம் இருக்கிற ஆலம்பரைக் கோட்டைக்கு வந்துவிட்டார்கள். வேலை முடிந்த குரு கடலுக்குள் நடந்து மறைந்துபோகிற கட்டம். குருவாக நடித்தவருக்கோ தண்ணீர் என்றால் பயம். முழங்காலுக்கு மேல் வரமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உயரமும் தோளும் ஒத்துப்போகிறது என்று என் வீட்டுக்காரரைப் பிடித்தார்கள். முதுகுதான் தெரியும் என்றாலும் தாடியும் ஒட்டினார்கள்.

"தலை முழுகற வரைக்கும் நடங்க. விசில் அடிச்சப்புறம்தான் மேல வரணும். என்ன ஆனாலும் திரும்பாதீங்க. குரு திரும்பிப் பார்க்கக் கூடாது," என்றார் டைரக்டர்.

"இன்னா சார், கடல்ல எறங்கறத எனக்கே சொல்லிக் குடுக்கிறியே!" என்று இவர் சிரித்தார். தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"அண்ணாத்த, மொதல்ல தாடிய அடக்கு, அப்பால பேய அடக்கலாம்," என்றான் என் கொழுந்தன்.

முதல் தடவை நடந்தபோது அலை அங்கியைக் குடை மாதிரி தூக்கிவிட்டது. உள்ளே போட்டிருந்த அரை டிராயர் தெரிந்து கரையே சிரித்தது. கீழே கனமாக ஏதாவது கட்ட வேண்டும் என்றார் டைரக்டர்.

"நம்ம வலையில ஈயக்குண்டு கீதே, அத்த எடுத்தாமே," என்றார் இவர் என்னிடம். வலையைத் தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்கிற குண்டு அது. நான்தான் எடுத்து வந்தேன். அவரே அங்கியின் ஓரம் முழுக்கக் கட்டிக்கொண்டார்.

மறுபடி இறங்கினார். முழங்கால் தாண்டி, இடுப்பு தாண்டிப் போனார். அங்கி எழும்பவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது அவர் நடை மாறியது. இரண்டு காலையும் சேர்த்துத் தத்தித் தத்திப் போனார். கடலில் அவர் எப்படி நடப்பார் என்று எனக்குத் தெரியாதா? குண்டு கட்டிய துணி வலை மாதிரி காலைச் சுற்றிக்கொண்டது.

"சூப்பர், தள்ளாடுறார் பாரு," என்றார் டைரக்டர்.

"கால்ல சுத்திகினு கீது," என்றேன் கொழுந்தனிடம்.

"சும்மா இருண்ணி, அண்ணாத்த ஆக்டிங் குடுக்குது."

தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. இன்னும் நாலு எட்டு வைத்தால் தலை முழுகும். முழுகினால் விசில் வரும் வரைக்கும் யாரும் தேட மாட்டார்கள். கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எங்கள் பக்கம் ஆகாது. கூப்பிட்டால் போனவர் கரை திரும்புவது சந்தேகம் என்பார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. "இந்தாங்க, இந்தாங்க" என்றேன். அலைச் சத்தத்தில் அது என் காதுக்கே கேட்கவில்லை.

அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணம் ஆனதிலிருந்து என் வாயில் வராத பெயர். இங்கேயும் எழுதவில்லை.

அவர் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் கொழுந்தனுக்கு உறைத்தது. அவன் பாய்வதற்குள் ஒரு அலை அவரை மூடிவிட்டது. தாடி மட்டும் மிதந்தது. பக்கத்தில் படகில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் குதித்தார்கள். கத்தியால் துணியை அறுத்து இழுத்து வந்து கரையில் குப்புறப் போட்டார்கள். முதுகை அழுத்த அழுத்த வாய் வழியாகத் தண்ணீர் வந்தது. மூச்சு வரும் வரைக்கும் எனக்கும் மூச்சில்லை.

கண் திறந்ததும் அவர் கேட்டது, "இன்னாமே, பேரச் சொல்லிக் கூப்ட்ட?"

நான் அவர் காலில் இறுகிக் கிடந்த துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அது டீவியில் வந்தது. அவர் திரும்பியதை வெட்டாமல் வைத்திருந்தார்கள். தூரத்தில் யார் முகம் என்று தெரியவில்லை. என் சத்தத்தை எடுத்துவிட்டு, மந்திரம் கற்ற அந்தப் பெண் கரையில் நின்று "குருவே!" என்று அழுவதைச் சேர்த்திருந்தார்கள். குருவும் பாசத்தோடு ஒரு தரம் திரும்பிப் பார்த்து மறைந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அது பாசம் இல்லை, உயிர்ப் பயம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தப் பெண் "குருவே" என்றாளா, "ஐயா" என்றாளா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. முதலில் துணியை அறுத்தது யார் என்பதும் நிச்சயமில்லை. கொழுந்தன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். யாராவது அவனிடம் ஒரு வார்த்தை கேட்டு, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.