அமுக்கக் கூடாத வயிறு

என் அத்தைக்குத் தெரியாத வைத்தியம் உலகத்தில் கிடையாது. ஐந்து வயதில் எனக்கு வயிற்றின் இடது பக்கம் புடைத்துக்கொண்டபோதும் அவள்தான் முதலில் பார்த்தாள். "மாந்தம்தான் மதினி. வெளக்கெண்ணெய் போட்டு நல்லா உருவி விடுங்க, எறங்கிரும்."

தீபாவளி சீசன். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் அம்மாவுக்கு லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலை முடிந்து வந்து, அசதியில் கண் சொருகச் சொருக, தினமும் உருவிவிட்டாள். எனக்கு வலிக்கவில்லை, சுகமாகத்தான் இருந்தது. ஒருநாள் மூத்திரத்தில் ரத்தம் வந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, சிறுநீரகத்தில் கட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவது என்றார். மருந்து ஏற்றிச் சுருங்கவைத்து, பிறகு ஆபரேஷன். "அதுவரைக்கும் யாரும் வயித்தை அமுக்கக் கூடாது. உள்ளே உடைஞ்சா பரவிடும்." அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என்னை இடுப்பில்கூட வைக்கவில்லை. உருவிவிடச் சொல்லி அழுதால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வாரா வாரம் மதுரைக்கு அலைந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு அசந்துபோகிறது. போகாத நாட்களில் சொந்தக்காரர்கள் பழத்தோடு வந்து, "கட்டி எங்கன தாயி இருக்கு?" என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். அப்பாவுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை. 'அமுக்கக் கூடாது' என்று சிவப்பில் அடித்த அட்டையை என் கவுனில் குத்திவிட்டார். வெடிக்கிற சாமான் என்றே முடிவு செய்துவிட்டார் போல. முடி கொட்டிய தலையோடு அதைத் தெருவெல்லாம் காட்டித் திரிந்தேன்.

ஆபரேஷன் அன்று நடந்தது அத்தை சொல்லித்தான் தெரியும். டாக்டரம்மா வெளியே வந்ததும் அம்மா ஓடிப்போய், "உடைஞ்சிருச்சாம்மா?" என்றுதான் கேட்டாளாம். இல்லை, முழுசாக எடுத்துவிட்டோம் என்றதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாளாம். "பெத்தவ பிள்ளை எப்படி இருக்குன்னு கேப்பாளா, கட்டியக் கேப்பாளா?" என்று அத்தை பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மா ஏன் அப்படிக் கேட்டாள் என்று யோசிக்கிற வயதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவள் சோறு ஊட்ட வந்தால் வாயை இறுக மூடிக்கொண்டேன். அவள் தட்டை அத்தையின் கையில் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்பினாள்.