எஸ்தர் வரைந்த வலுசர்ப்பம்

பெயிண்டும் டர்பன்டைனும் கலந்த அந்த நாற்றம் இன்றும் எங்காவது மூக்கில் ஏறினால், எனக்கு முதலில் வருவது தலைவலி, அடுத்து வருவது எங்கள் பாஸ்டரின் முகம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, தகரக்கூரை போட்ட ஹாலில் அவர் சபை நடத்தினார். உலகம் அழியப்போகிறது என்பதை அவரளவு குஷியாகச் சொன்ன ஆளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

வரும் ஈஸ்டருக்குள் ஆண்டவர் இறங்கி வருவார், சாத்தானைச் சங்கிலியால் கட்டிப் பாதாளக்குழியில் தள்ளி முத்திரை வைப்பார், ஆயிரம் வருஷம் நாமெல்லாம் அவரோடு அரசாளுவோம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த ஆயிரத்தை அப்படியே எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது சபையின் காலத்தைக் குறிக்கிறது என்று மெயின் ரோட்டுப் பழைய சர்ச்சில் பிரசங்கித்தார்கள். அதற்காகவே அவர்களுக்கு பாஸ்டர் "செத்த சபை" என்று பெயர் வைத்தார். ஆயிரம் வருஷம் கழித்துச் சாத்தானைக் கொஞ்ச காலம் அவிழ்த்துவிடுவார்கள் என்றும் ஒரு பகுதி உண்டு. "கட்டுனவன எதுக்கு அவுத்து உடணும்?" என்று பத்து வயதில் நான் கேட்டதற்கு, அம்மா தொடையில் கிள்ளியதுதான் பதில்.

இதையெல்லாம் விளக்க பாஸ்டருக்கு, துணியில் பெயிண்ட் பண்ணிய ஒரு பெரிய "சார்ட்" வேண்டியிருந்தது. என் அக்கா எஸ்தர் நன்றாக வரைவாள். எஸ்எஸ்எல்சி படித்துக்கொண்டிருந்தாள், வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவாள், டீச்சராக வேண்டும் என்பாள். அவளுடைய ஸ்டடி லீவு முழுவதும் சாத்தானின் உருவமான வலுசர்ப்பத்தின் ஏழு தலைகளுக்கும் அக்கினிக்கடலுக்கும் போயிற்று. ஹால் டிக்கெட் வந்த அன்று அதை வாங்கிப் பார்த்த அப்பா சிரித்தார். "ஆயிரம் வருஷ அரசாட்சியில மார்க்ஷீட்ட யாரும்மா கேக்கப்போறாங்க?" பரீட்சை நாட்களில் சபையே உபவாச ஜெபத்தில் உட்காருவதென்று முடிவாயிற்று.

முதல் பரீட்சை அன்று காலை ஹாலில் எல்லோரும் முழங்காலில் இருந்தோம். பாஸ்டரின் மகனும் அவன் அம்மா பாஸ்டரம்மாவும் மட்டும் இல்லை. அவனும் எஸ்எஸ்எல்சிதான். அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள். மைக்குக்கு பேட்டரி வாங்கிவர என்னை மெயின் ரோட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பஸ் ஸ்டாப்பில் அவன் யூனிஃபார்மும் எக்ஸாம் பேடுமாக நிற்க, பாஸ்டரம்மா அவன் தலையில் கை வைத்து ஜெபித்து பஸ் ஏற்றிவிட்டார். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். இன்னும் அரை மணி நேரம் இருந்தது, அக்காவின் பரீட்சை ஹால் நடக்கிற தூரம்தான். "சாத்தான் உன் கண்ணுல பூந்துட்டான், சும்னே உக்காரு" என்றார். அக்கா பக்கத்திலேயே இருந்தாள், எல்லாம் கேட்டாள், எழுந்திருக்கவில்லை. அன்று அவள்மேல் வந்த கோபமும் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஈஸ்டர் வந்தது, ஆண்டவர் வரவில்லை. நம் விசுவாசத்தைச் சோதித்தார் என்று பாஸ்டர் கூசாமல் சொல்ல, அப்பா ஆமென் போட்டார். சப்ளிமென்டரியில் எழுதலாமென்று அக்காவின் டீச்சர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். புதுக் கணக்குப்படி உலகம் அதுவரைகூடத் தாங்காது என்று அப்பா அவரையும் திருப்பி அனுப்பினார். வெட்கங்கெட்ட கூட்டம்.

இப்போது அந்த ஹால் இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் நிற்கிறது. பாஸ்டரும் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள், சார்ட்டை யாரோ கார் மூடக் கொண்டுபோனார்கள், பாஸ்டரின் மகன் வெளிநாட்டில் இன்ஜினியர். அக்கா பீன்யாவில் கார்மென்ட்ஸில் தைக்கிறாள், என்னை மனந்திருப்பவும் விடாமல் முயல்கிறாள். போன மாதம் பைபிளில் அந்த ஆயிரம் வருஷம் வரும் இடத்தை, வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அடையாளத்துக்கு அந்த ஹால் டிக்கெட்டை வைத்திருந்தாள், ஒரு மடிப்புகூட விழாமல். போட்டோவில் இரட்டைச் சடை, பதினாறு வயது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, பைபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பக்கத்துக்கு அளவா இருக்கேன்னு வெச்சிருக்கேன்," என்றாள்.