எட்டு கிலோ மெழுகு

என் கணவர் இருதய ஆபரேஷனுக்காகச் சென்னையில் படுத்திருந்தார். சென்ற வருடம் ஏற்றியதைவிட உயரத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கான மெழுகுவர்த்தி ஏற்றுவதாக, எங்கள் பழவேற்காடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். அதைச் செய்ய, அவரைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

சென்ற வருடம் ஒரு கிலோ மெழுகு பிடித்தது. அதனால் இரண்டு கிலோ உருக்கிப் புதிய தகர அச்சில் ஊற்றினேன். ஆறியதும் பிரித்தால், பழைய வர்த்தியில் பாதி உயரம்தான் இருந்தது.

"இன்னாக்கா, மாதாவுக்கு இட்லி ஊத்திக்கினியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அச்சு செய்த தகரக்காரர் சிரிக்கவில்லை. "உயரம் ரெண்டு மடங்கு, அகலம் நீட்டுல ரெண்டு, குறுக்க ரெண்டுன்னா எட்டு பங்காயிடும்மா. எட்டு கிலோ ஊத்தணும்."

நேர்ந்ததைக் குறைக்க எனக்குப் பயம். மீதி மெழுகுக்காகப் பொன்னேரிக் கடைகளில் அலைந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் போன் செய்தார்.

"காலையில உள்ள இட்டுனு போறாங்களாம். எப்போ வர்றே?"

"வர்த்தி முடியட்டுங்க, வந்துடறேன்."

மறுநாள் கோயிலில் நான் வர்த்தியை ஏற்றியபோது, அவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிறகு அவர் கண் விழிக்கவே இல்லை.

மாதாவை இன்றும் கும்பிடுகிறேன். ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் மாதா என்னிடம் எத்தனை கிலோ என்று கேட்டதே இல்லை. எப்போ வர்றே என்று அவர்தான் கேட்டார்.