கையில் இருப்பதாக நான் சொன்ன கயிறு

1. ஐஸ் பெட்டி இருந்தது, அவள் இல்லை

“கயித்த உடுங்க அண்ணன்! உடுங்க!” என்று படகோட்டி அன்வர் கத்தினார்.

என்னால் விட முடியவில்லை. கயிறு என் கையில் இல்லை. சற்று முன்பு நானே அதைப் போட்டின் பின்பக்கக் கட்டையில் கட்டிவிட்டிருந்தேன். அடுத்த அலை அந்தப் பக்கமாக உள்ளே ஏறியது. அங்கேதான் ஐஸ் பெட்டியின் மேல் என் மகள் சரண்யா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வடிந்தபோது பெட்டி இருந்தது, அவள் இல்லை.

இது நடந்து நான்கு மாதமாகிறது. மாத்தளையில் புதிதாக டூரிஸ்ட் வேன் ஓட்ட வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், வெள்ளைக்காரர்களைத் திருகோணமலைக்குக் களவா என்கிற பாறை மீன் பிடிக்கக் கூட்டிப் போவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். எந்தப் பருவம், எந்த ரோட்டு, எந்தப் படகு என்பதெல்லாம் சொல்லிவிடலாம். இதையும் சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன்.

2. லோட் கட்டினவன்

வேனுக்கு வருவதற்கு முன் தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டினேன். லோட் கட்டுவதில் எனக்குப் பெயர் உண்டு. நான் கட்டிய கயிறு வழியில் தளர்ந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. லொறி குலுங்கக் குலுங்க இறுகுகிற முடிச்சு அது. இறக்கும் இடத்தில் இரும்புக் கம்பி விட்டு நெம்பித்தான் கழற்றுவோம்.

அன்றைக்கு எல்கடுவ எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்த இரண்டு வெள்ளைக்காரர்களை அழைத்துப் போயிருந்தேன். அண்ணன் தம்பி. சரண்யா ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். மீனோடு ஆட்களை ஃபோட்டோ எடுக்க வருகிறேன் என்றாள். “மழைத் தூத்தல் பட்டாலே தும்முறவ, கடலுக்குப் போறாளாம்” என்று அவள் அம்மா சிரித்தாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. லைஃப் ஜாக்கெட் பட்டியை நானே மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

“இன்னும் கொஞ்சம் இழுத்தா மூச்சே நின்னுரும்ப்பா” என்றாள்.

அன்வரின் உதவியாள் காய்ச்சல் என்று அன்று வரவில்லை. “நான் இருக்கேன் நானா, கயிறு பிடிக்கிறதெல்லாம் எனக்குப் புதுசில்ல” என்று நான்தான் சொன்னேன். அவர்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்பார்கள்.

“மலைநாட்டு ஆள நம்பிக் கடலுக்குப் போறன். அல்லாஹ்தான் காப்பாத்தணும்” என்று அவர் சிரித்துக்கொண்டே இன்ஜினைத் தட்டினார்.

3. “கையிலதானே இரிக்கி?”

களவா பாறை இடுக்கில் இருக்கிற மீன். போட் சரியாகப் பாறைக்கு மேலே நிற்க வேண்டும். அன்வர் ஜி.பி.எஸ். பார்த்து, இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்தில் நங்கூரம் போட்டு, கயிற்றை முன்பக்கம் கட்டினார். இரண்டு சின்னக் களவா கிடைத்தன. பிறகு நீரோட்டம் திரும்பி, போட் பாறையை விட்டு விலகியது. தம்பிக்காரருக்குப் பொறுமை இல்லை. பெரிய மீன் வேண்டும் என்று நச்சரித்தார்.

போட்டை மறுபடி பாறைக்கு மேலே நிறுத்த, அன்வர் கயிற்றை முன்பக்கத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் கொண்டுவந்தார். கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு, நுனியை என்னிடம் கொடுத்தார்.

“அஞ்சி நிமிஷம்தான். கட்டிராதங்க அண்ணன். கையில வச்சிக்கோங்க. நான் செல்லக்கொள்ள உடணும்.”

அவர் சொல்லும்போது உடனே விட வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. கயிறு ஈரத்தில் வழுக்கியது. ஒவ்வொரு அலைக்கும் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. பக்கத்தில் சரண்யா. இது கைநழுவினால் போட் எங்கே போய் மோதுமோ, பிள்ளை இருக்கிறாளே என்று பயந்தேன். கையில் பிடிப்பதை விடக் கட்டுவதுதான் பத்திரம் என்பது லொறியில் நான் படித்த பாடம். அன்வர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு.

தம்பிக்காரரின் தூண்டில் வளைந்தது. பெரிய மீன். அண்ணன்காரர் சத்தம் போட்டார், சரண்யா ஃபோனைத் தூக்கினாள். அப்போதுதான் அன்வர் பின்னால் திரும்பி, வரிசையாக வந்துகொண்டிருந்த அலைகளைக் கண்டார். முன்னால் ஓட்டித் தப்ப வேண்டும்.

“கயிறு கையிலதானே இரிக்கி?”

“ஆமா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவிழ்க்க நேரமிருக்கும் என்று நினைத்தேன். சொன்னதைச் செய்யாதவன் என்று பெயர் வரக்கூடாது என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே மூச்சில்.

அவர் என் சொல்லை நம்பி இன்ஜினை முழுவதும் கொடுத்தார். போட் முன்னால் பாய்ந்தது, கயிறு பின்னால் பிடித்தது, பின்பக்கம் அப்படியே அமிழ்ந்தது. தண்ணீர் குடித்து இன்ஜின் நின்றது. முடிச்சில் என் நகம் இரண்டு பிய்ந்ததுதான் மிச்சம், அது அசையவில்லை. அடுத்த அலைதான் சரண்யாவைக் கொண்டுபோனது.

அன்வர் என்னைத் தள்ளிவிட்டு, இரை வெட்டும் கத்தியால் முடிச்சுக்குப் பக்கத்தில் இரண்டு வெட்டு வெட்டினார். பின்பக்கம் எழும்பியது. ஆனால் போட் அவளை விட்டு விலக ஆரம்பித்தது. செம்மஞ்சள் ஜாக்கெட் ஓர் அலையில் தெரிந்தது, அடுத்த அலையில் தெரியவில்லை. “அப்பா” என்று ஒரு தடவை கேட்டது. நான் குதிக்கப் போனேன். அண்ணன்காரர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அன்வர் வெறும் எண்ணெய்க் கேனில் வேறொரு கயிற்றை முடிந்து வீசினார். எட்டவில்லை. இழுத்து மறுபடி வீசினார். அலை தூக்கிப் போனது. மூன்றாவது தடவை அவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஏற்றியபோது உதடு நீலமாக இருந்தது. உப்புத் தண்ணீரைக் கக்கினாள். பிறகு எல்லோரும் வாளியாலும் ஐஸ் பெட்டி மூடியாலும் தண்ணீர் இறைத்தோம். தம்பிக்காரரின் மீன் தானாகவே மேலே வந்து, இரைப்பை வாய்க்கு வெளியே பிதுங்கி, பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

4. கரையில்

இன்ஜின் பிடித்து, மெதுவாகக் கரை சேர்ந்தபோது படகு முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

“நங்கூரம் எங்க? இன்ஜினுக்குள்ள உப்புத்தண்ணி பெய்த்திரிக்கி. ஒரு புள்ள மவுத்தாகப் பாத்திருக்கு. என்னடா செஞ்ச?”

“கயிற நான் பின்னுக்கு எடுத்திருக்கப்படாது, முதலாளி. என்ட பிழதான்” என்றார் அன்வர்.

“நாளைக்கி நீ வர வேணாம். நான் வேற ஆள் பாக்குறன்.”

நான் மகளுக்குத் துவாய் போர்த்திக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்வர் என் பக்கம் திரும்பி, “புள்ளைக்கி இஞ்சித் தேத்தண்ணி குடுங்க அண்ணன்” என்றார்.

கந்தளாய் தாண்டினோம். வெள்ளைக்காரர்கள் பின்னால் தூங்கிவிட்டார்கள். முன் சீட்டிலிருந்து சரண்யா சொன்னாள்: “நீங்க கட்டுனத நான் பார்த்தேன்ப்பா.”

“உனக்காகத்தாம்மா...”

“என் பேர அதுல இழுக்காதீங்க. அவரு கேட்டாரு. நீங்க ஆமான்னீங்க. இப்ப அவரு வேல போச்சு.”

ஹபரணைச் சந்தியில் வேனை ஓரங்கட்டினேன். இறங்கி முதலாளிக்கு ஃபோன் போட்டேன். கட்ட வேண்டாம் என்று சொன்னதும், நான் கட்டியதும், கேட்டதற்குப் பொய் சொன்னதும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். “இவன் அத செல்லவே இல்லியே” என்ற முதலாளி, பக்கத்தில் இன்ஜினைக் கழுவிக்கொண்டிருந்த அன்வரிடம் ஃபோனைக் கொடுத்தார்.

“வெட்டக்கொள்ளயே முடிச்சக் கண்டுட்டன் அண்ணன்.”

“அப்ப ஏன் நானா சொல்லல?”

“புள்ள நடுங்கிட்டு இரிக்கி. அதுக்கு முன்னால வாப்பாவ ஏசச் செல்றீங்களா?” என்றார். “நீங்க இப்ப ஃபோன் எடுத்திருக்காட்டி நானும் செல்லியிருக்க மாட்டன். ஆனா இனி உங்கட ஆக்கள என்ட போட்டுல ஏத்தியும் இருக்க மாட்டன்.”

முதலாளி அவரை நிறுத்தவில்லை. நான் இன்னும் ஆட்களை அவரிடம்தான் கூட்டிப் போகிறேன். அவர்கள் போகிறார்கள், நான் கரையில் இருக்கிறேன். போட் திரும்பி வந்து கண்ணுக்குத் தெரியும் வரை சாப்பாடு இறங்குவதில்லை.

வேன் ஓட்ட வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். நமக்குப் பழக்கமில்லாத வேலையில் நம் கைப்பழக்கத்தை நம்பக்கூடாது. அதையும் மீறி ஏதாவது செய்துவிட்டால், ஓட்டுகிறவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். “கட்டிட்டேன் நானா” என்று நான் சொல்லியிருந்தால் ஓர் ஏச்சு விழுந்திருக்கும். இன்ஜினைக் கொடுப்பதற்கு முன் அவர் கத்தியை எடுத்திருப்பார்.